34 வயதில் எம்.பி.பி.எஸ்.: வேளாண் அலுவலர் பணியை விட்டுவிட்டுச் சேரலாமா?

கேள்வி: கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. வேளாண் பட்டப்படிப்பை முடித்து, தேர்வாணையத் தேர்வு எழுதி, திருவாரூர் மாவட்டத்தில் வேளாண் அலுவலராகப் பணியாற்றி வருகிறேன். கணவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். ஐந்து வயதில் ஒரு மகள். மாமியாரும் எங்களுடனேயே இருக்கிறார். இந்த வயதில் நீட் எழுதி, இடம் கிடைக்குமானால் நிரந்தர அரசுப் பணியை விட்டு எம்.பி.பி.எஸ். சேர்வது பொறுப்புள்ள முடிவாக இருக்குமா என்பதை, அந்தத் துறையை உள்ளிருந்து அறிந்தவர்களிடம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

பள்ளியில் கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்தேன். அப்போது நீட் கிடையாது; பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்தது. மருத்துவத்துக்குக் கட்-ஆஃப் எட்டவில்லை, வேளாண்மைக்கு எட்டியது. வேளாண் படிப்பும் இந்த வேலையும் எனக்குப் பிடித்தவையே. வேலை கசந்து வேறு வழி தேடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த எண்ணம் திரும்ப வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, நான் வயலாய்வுக்குச் சென்றிருந்த நேரத்தில் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது, உடல் முழுதும் வியர்த்தது, கண்மணி இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன. தெளிப்பானிலிருந்து கசிந்த மருந்தில் சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்து, அதைக் கழற்றச் சொல்லி, பம்புசெட் தண்ணீரில் உடம்பைக் கழுவச் செய்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசியைப் போட்டுவிட்டு நகரவில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பதும், நாடியைப் பார்ப்பதும், மறுபடி மருந்தைக் கூட்டுவதுமாக, நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்தப் பூச்சிமருந்தின் வேதிப்பெயரும், அது பூச்சியின் நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மனித உடலில் அதன் நஞ்சை எப்படி முறிப்பது என்பது மட்டும் தெரியாது. அந்தக் குறை என்னை விட்டு அகலவில்லை.

என் தயக்கங்கள் பல. பதினாறு, பதினேழு ஆண்டுகளாகத் தொடாத இயற்பியலை மீண்டும் படிக்க முடியுமா? ஐந்தரை ஆண்டு வருமானமில்லாமல் இருப்பதைக் குடும்பம் தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் போகவேண்டிய இடத்தை, ஏற்கெனவே ஒரு பட்டமும் பணியும் உள்ள நான் எடுத்துக்கொள்வது நியாயமா? நான் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி என்பதால், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வெண்ணாறு (மருத்துவர், தஞ்சாவூர் மாவட்டம்)

சகோதரிக்கு வணக்கம். நான் பொறியியல் படித்து, சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்து, 31 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவன். 2019-இல் சேர்ந்து 2025-இல் பயிற்சி மருத்துவத்தை முடித்தேன். இப்போது ஒரு நகர்ப்புற நலவாழ்வு மையத்தில் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகிறேன்.

தகுதியைப் பற்றி முதலில். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே இன்றைய வயது விதி, மேல்வரம்பு இல்லை. இடையில் ஒரு காலம் பொதுப்பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வரம்பு வைத்திருந்தார்கள். அது வழக்காகி, 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தது. என் போன்றவர்கள் எழுதியது அந்த அனுமதியின்கீழ்தான். சேர்க்கை இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடுதான் வகுப்பில் உட்கார்ந்தேன். பிறகு தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் வரம்பையே நீக்க முடிவுசெய்தது. 2022 தேர்விலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தாக வேண்டும் என்றும், முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள் மட்டுமே என்றும் விதி இருக்கிறது. குடும்பச் சூழல் காரணமாக இடையில் நீண்ட விடுப்பு எடுக்க நேர்ந்தால் இது நினைவில் இருக்கவேண்டும்.

படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், முதலாண்டுதான் வயதைச் சோதிக்கும் ஆண்டு என்பேன். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஒருசேர வரும். உடற்கூறியலில் புரிந்துகொள்ள வேண்டியது குறைவு, மனத்தில் நிறுத்த வேண்டியது ஏராளம். தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலை வரைந்து, கிழித்துப்போட்டு, மறுபடி வரைந்தே மனத்தில் ஏற்றினேன். பக்கத்தில் பதினெட்டு வயதுத் தம்பி அதை ஒரு மாலையில் முடித்துவிட்டு விளையாடப் போவான். அதற்கு மனம் தளராமல் இருக்க வேண்டும். உடற்கூறு அரங்கில் ஃபார்மலின் நெடியில் கண்ணெரிந்து நிற்கும்போது, பெரிய பதவி, சிறிய பதவி என்ற பேதமெல்லாம் தானாகப் போய்விடுகிறது. வகுப்பில் எல்லோரும் என்னை அண்ணன் என்றார்கள். உங்களை அக்கா என்பார்கள். பாடம் எடுக்கும் உதவிப் பேராசிரியர்களில் சிலர் உங்களைவிட இளையவர்களாக இருப்பார்கள். அவர்களை ஆசிரியராக ஏற்பது உங்களுக்கு எளிதென்றே நினைக்கிறேன், ஏனெனில் அந்த இளம் மருத்துவரைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதமே அதைக் காட்டுகிறது.

இரண்டாமாண்டு முதல் வார்டுக்குச் செல்லத் தொடங்கியதும் நிலைமை மாறும். நோயாளியிடம் நோய் வரலாறு கேட்டு எழுதுவதில் வயது நமக்குத் துணை. வயலில் இருந்து வரும் ஒருவர் எந்த நிலத்தில் நின்றார், காலில் புண் இருந்ததா, எலிக்காய்ச்சலாக இருக்குமா என்று கேட்கத் தோன்றுவதற்கும், கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே இல்லாமல் இருக்கலாம், ஆகவே தரையில் படுத்திருந்தாரா, விடியற்காலையில் வயிற்றுவலி வந்ததா என்று விசாரிக்கத் தோன்றுவதற்கும், அந்த வாழ்க்கையை அருகில் பார்த்திருக்க வேண்டும். நகரத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழர்கள் இதைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. நீங்கள் இதைக் கையோடு கொண்டுவருகிறீர்கள்.

பயிற்சி மருத்துவ ஆண்டு உடலுக்குக் கடினம். இரவுப்பணி முடிந்து அடுத்த நாள் மதியம்வரை நிற்க வேண்டிவரும். மகப்பேற்றுப் பிரிவில் உட்கார நேரமிருக்காது. முப்பத்தாறு வயதில் எனக்கு அது கடினமாகவே இருந்தது, உங்களுக்கு அப்போது நாற்பது ஆகியிருக்கும்.

பணத்தைப் பற்றி: அரசுக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரங்கள்தான், அது பொருட்டே அல்ல. உண்மையான செலவு நீங்கள் விட்டுவரும் சம்பளம். பயிற்சி ஆண்டில் உதவித்தொகை கிடைக்கும், அதற்கு முந்தைய நாலரை ஆண்டுகளுக்கு ஒன்றும் இல்லை. முடித்தவுடன் அரசு வேலை காத்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு அறிவிக்கப்படும்போது எழுத வேண்டும், போட்டியும் மிகுதி. என் இன்றைய ஊதியம் நான் சென்னையில் விட்டுவந்ததைவிடக் குறைவு. அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. உங்கள் குடும்பம் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில்: அரசலாறு (இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்)

அம்மா, தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீட் 180 கேள்விகள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. இவற்றில் 90 கேள்விகள் உயிரியல். நீங்கள் வேளாண் பட்டதாரி. தாவரவியல், மரபியல், சூழலியல் பகுதிகள் உங்களுக்குப் பழகிய நிலம். கரிம வேதியியலையும் பூச்சிக்கொல்லிகள் வழியாகத் தொட்டுக்கொண்டே இருந்திருப்பீர்கள். மனித உடலியங்கியலும் இயற்பியலுமே புதிதாக உழைக்க வேண்டியவை. தமிழிலும் வினாத்தாள் கிடைக்கும் என்றாலும், பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு எது விரைவாக வாசிக்க வருகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம்தான் கிடைக்கும்.

காலம்தான் உங்களுக்குப் பெரிய சிக்கல். தேர்வு மே மாதத்தில் வரும். உங்கள் துறையிலோ ஜூன் 12 மேட்டூர் திறப்பு முதல் குறுவை, பிறகு சம்பா, தாளடி, நவம்பரில் பயிர்க் காப்பீட்டுக் கெடு, மழை பெய்தால் பாதிப்புக் கணக்கெடுப்பு, தை மாதம் அறுவடை என்று மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே இயற்பியலை இப்போதே தொடங்கி, சம்பாக் காலத்தில் உயிரியலை மட்டும் இரவில் பார்த்துவந்து, மாசி முதல் மாதிரித் தேர்வுகளுக்கு முழுநேரம் கொடுப்பதுதான் நடக்கக்கூடியது. ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தால் பங்குனி, சித்திரைக்கு வையுங்கள். பெரிய பயிற்சி மையத்தில் ஓராண்டு தங்கிப் படிப்பது உங்கள் நிலையில் இருப்பவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மாநில அரசின் புதிய பாடத்திட்ட நூல்களையும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் வரிவிடாமல் படித்தவர்கள் என் மாணவர்களிலேயே இடம்பிடித்திருக்கிறார்கள்.

பதில்: குடமுருட்டி (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவர்)

முந்தைய இரண்டு பதில்களும் எப்படிச் சேர்வது என்பதையே பேசுகின்றன. சேரவேண்டுமா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு, சகோதரி. உங்கள் எண்ணத்தை மதித்தே சொல்கிறேன்.

இடத்தைப் பறிப்பதாகிவிடுமோ என்ற உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2022 ஜனவரியில் நடந்த கலந்தாய்வுக்கு, தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்து, இளையவர் ஒருவருக்குப் போகட்டும் என்று தம் வாய்ப்பை விட்டுக்கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன் 2020-இல் ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஜெய்கிஷோர் பிரதான் 64 வயதில் தேர்ச்சி பெற்று புர்லாவில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இருவர் செய்ததிலும் தவறில்லை. ஆனால் உங்கள் கணக்கு அவர்களுடையதிலிருந்து வேறு. 35-இல் சேர்ந்தால் 41-க்குள் மருத்துவராவீர்கள். அரசுப் பணி ஓய்வு வயது 60. ஏறத்தாழ இருபதாண்டு சேவை எஞ்சியிருக்கிறது. மேற்படிப்புக்கு மூன்றாண்டு போனாலும் பதினாறு, பதினேழு ஆண்டுகள். பட்டம் பெற்றவுடன் வெளிநாடு செல்லும் இளைஞரைவிட, திருத்துறைப்பூண்டியிலேயே தங்கப்போகும் நீங்கள் இந்த மண்ணுக்குக் கூடுதலாகவே திருப்பித் தருவீர்கள். ஆகவே நியாயத்தின் பெயரால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. வரப்பில் விழுந்த ஒருவரைக் காப்பாற்ற ஒரு மருத்துவர் தேவை. அப்படி விழாமல் தடுக்க ஒரு வேளாண் அலுவலர் தேவை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குரிய அதிகாரம் உங்கள் துறை அலுவலர்களுக்கு இருக்கிறது. கடைக்குள் சென்று மாதிரி எடுக்கலாம், விற்பனையை நிறுத்தலாம். மிகக் கொடிய நஞ்சு என்பதைக் குறிக்கும் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்து யார் கைக்குப் போகிறது என்பதை என்னால் ஒருநாளும் கட்டுப்படுத்த முடிந்ததில்லை, உங்களால் முடியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் சில நாட்களில் மூச்சுத் திணறி இறப்பதை வீட்டாரோடு நின்று பார்க்கத்தான் மருத்துவரால் முடிகிறது. தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை நிரந்தரமாகத் தடைசெய்து, ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்கு நிறுத்திவைத்ததே, அந்த ஆணை உங்கள் துறையிலிருந்து வந்தது. ஓர் ஆணை எத்தனை வார்டுகளின் வேலையைச் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகளில் மருத்துவர் அல்லாதவர்களும் சேர முடியும். அதைப் படித்துவிட்டு இதே துறையில் நீங்கள் இருந்தால், அப்படிப்பட்ட அலுவலர் டெல்டாவில் மிக அரிதாகவே இருப்பார். மருத்துவராக நீங்கள் பலரில் ஒருவர்.

பதில்: பாமணியாறு (மன்னார்குடி)

நான் மருத்துவன் அல்லன். என் மனைவி முப்பது வயதைக் கடந்தபின் எம்.பி.பி.எஸ். சேர்ந்து இப்போது இறுதியாண்டில் இருக்கிறார். இந்தக் கேள்வியில் உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்பதை யாரும் கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவர் சம்மதிப்பது போதாது, அம்மா. “படி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வது எல்லாக் கணவருக்கும் எளிது, நானும் சொன்னேன். பிறகு வருவது பள்ளி ஆண்டுவிழாவுக்கு அம்மா வரவில்லை என்று குழந்தை அழுவது, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்வது, மாதக் கடைசியில் ஒரே சம்பளத்தில் பால்கணக்கையும் பள்ளிக் கட்டணத்தையும் தீர்ப்பது. எங்கள் வீட்டில் காலைச் சமையலும் பிள்ளையைக் கிளப்புவதும் முழுவதுமாக என் பொறுப்பு, தேர்வு மாதத்தில் மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுவதும். இரவு எட்டு மணிக்கு மேல் என் மனைவியிடம் வீட்டுக் காரியம் எதையும் கேட்பதில்லை என்று என் தாயாரும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். உங்கள் மாமியாரிடம் இதை முன்கூட்டியே, மரியாதையாக, வெளிப்படையாகப் பேசுங்கள். அவருடைய முதுமையும் உடல்நலமும் உங்கள் திட்டத்தின் பகுதி. ஐந்தரை ஆண்டில் அவருக்கே பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படலாம்.

பணத்துக்கு நாங்கள் செய்தது, சேருவதற்கு முன்பே நகைக்கடன், வீட்டுக்கடன் எல்லாவற்றையும் அடைத்தது. கடனோடு தொடங்கியிருந்தால் தாங்கியிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற அறிக்கையை இப்போதே வாங்கி வையுங்கள்.

பதில்: கோரையாறு

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எல்லாப் பதில்களையும் படித்தோம். பாமணியாறு ஐயாவின் பதிலை என் கணவர் தனியாக எடுத்து இரண்டாம் முறை படித்தார்.

குடமுருட்டி ஐயா, உங்கள் வாதம் வலுவானது, அதை எளிதில் கடந்துவிட முடியவில்லை. மாதிரி எடுத்திருக்கிறேன், காலாவதியான மருந்து வைத்திருந்த கடையில் விற்பனையை நிறுத்தியும் இருக்கிறேன். அந்த அதிகாரம் மதிப்புள்ளது என்று அறிவேன். ஆனால் தெளிப்பவர் கூலிக்கு வருபவர். எந்த மருந்து வாங்குவது என்பதை முடிவுசெய்பவர் அவர் அல்லர். கையுறையும் முகக்கவசமும் அவருக்கு யாரும் வாங்கித் தருவதில்லை. நான் நடத்தும் பயிற்சிக்கு நிலவுடைமையாளர் வருகிறார், தெளிப்பவர் வருவதில்லை. அவர் வந்து சேரும் இடம் மருத்துவமனை. அங்கே அவரிடம் பேசுகிற ஆளாக நான் இருக்க விரும்புகிறேன். இருந்தாலும் உங்கள் யோசனையை மாற்றுவழியாக வைத்துக்கொள்கிறேன்: அடுத்த மே மாதம் நீட் எழுதுவேன், திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் அரசுக் கல்லூரிகளில் ஒன்று கிடைக்கும் தரவரிசை வந்தால் சேர்வேன், இல்லையென்றால் பணியில் இருந்தபடியே பொதுச் சுகாதாரம் படிப்பேன். தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் போவதில்லை என்பதில் நானும் கணவரும் ஒரே மனதாக இருக்கிறோம்.

வெண்ணாறு டாக்டர் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தேர்வு எழுதத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்கிறேன். அதைத் தவிரக் கலந்தாய்வுக்கு என்னென்ன வேண்டியிருக்கும்? அரசலாறு ஐயா, இயற்பியலில் எங்கே தொடங்குவது?

பதில்: வெண்ணாறு

பழைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றை இப்போதே சரிபாருங்கள். பள்ளிச் சான்றில் பெயரின் முன்னெழுத்து ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் அதைத் திருத்தவே மாதங்கள் ஆகும். வயதில் மூத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துக் குறைந்தபட்ச சதவீதம் பொதுப்பிரிவுக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40. வேலையிலிருந்து விலகல் கடிதத்தை, கல்லூரியில் இடம் ஒதுக்கிய ஆணை கையில் வரும்வரை கொடுக்க வேண்டாம். திருவாரூரில் இடங்கள் 100, தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் 150. விருப்பப் பட்டியலில் மூன்றையும் முதலில் போடுங்கள்.

பதில்: அரசலாறு

அம்மா, பாடத்துக்குப் போகுமுன் கணிதக் கருவிகள்: முக்கோணவியல், வெக்டர், எளிய வகையிடல். பிறகு பதினொன்றாம் வகுப்பு முதல் தொகுதியில் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன் என்று வரிசை மாறாமல் வாருங்கள். இவை பிடிபட்டால் பன்னிரண்டாம் வகுப்பின் நிலைமின்னியலில் பாதி தானாகப் புரியும். ஒவ்வொரு பாடத்தின் பின்னுள்ள கணக்குகளையும் விடையைப் பார்க்காமல் நோட்டில் போட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். முட்டும் கணக்குகளை இங்கேயே பதிவிடுங்கள், மாலை வகுப்பு முடிந்ததும் பார்த்துப் பதில் சொல்கிறேன்.